தம்பியும் ஸ்பிரிங் துப்பாக்கியும்

லிஃப்ட் எங்கே மக்கர் பண்ணினாலும் முதல் போன் தன் தம்பிக்குத்தான் வரும் என்று அக்கா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அதில் பொய் கிடையாது. அவன் காதை வைத்துக் கேட்டே எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான்.

வேலை முடிந்து வந்ததும் வீட்டின் பின்பக்க ஷெட்டில் அவனுக்கு ஒரே ஒரு ஆசை: பழைய ஏர் கன். கட்டை தேய்ந்து வழவழத்துப் போனது. குழலை நடுவில் மடக்கி, பலம் கொண்ட மட்டும் கீழே இழுத்தால் உள்ளே தடித்த ஸ்பிரிங் சுருங்கிப் பூட்டிக்கொள்ளும். குண்டை வைத்து, குழலை நிமிர்த்தி, விசையைத் தொட்டால் அந்த ஸ்பிரிங் பாய்ந்து காற்றைத் தள்ளும், குண்டு பறக்கும். அடுத்த குண்டுக்கு மறுபடி முதலிலிருந்து.

"ஒவ்வொண்ணுக்கும் ஒழைக்கணும்க்கா. அதனால ஒண்ணையும் வீணாக்க மனசு வராது," என்பான்.

வேலையிடத்தில் வழுக்கி விழுந்து அவன் வலது தோளில் ஆபரேஷன் ஆனது. கனமாக எதையும் இழுக்கக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். ஆஸ்பத்திரி வார்டில் ஆயா வேலை பார்க்கும் அவன் மனைவி, புருஷன் முகம் வாடுவது பொறுக்காமல், காற்றை அடைத்து வைத்துச் சுடும் புதுத் துப்பாக்கி ஒன்றை வாங்கி வந்தாள். சுட்டதெல்லாம் நட்டநடுவில் விழுந்தது. "நல்லாருக்கு," என்று துடைத்து மூலையில் சாத்தினான். காய்ச்சல் வாயோடு சாப்பிடும்போதும் அவன் இதையேதான் சொல்வான் என்பது அக்காவுக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யாருமில்லை என்று நினைத்து, பழசை இடது கையால் மடக்கப் பார்த்தான். முட்டுக் கொடுத்த வலது தோள் பாதியில் சுருக்கென்று இழுக்க, "அம்மா!" என்று கத்திவிட்டான். பெண்கள் இரண்டு பேரும் ஓடி வந்தார்கள்.

"ஆபரேஷன் பண்ண தோளுக்கு இதுதான் மருந்தா? இன்னிக்கே இதப் பழைய இரும்புக்குப் போடறேன். இதுக்கு எண்ணெய் தடவுற அக்கறைல பாதி என் தலைக்குத் தடவியிருந்தா முடி முட்டியத் தொட்டிருக்கும்!" என்று துப்பாக்கியைப் பிடுங்கினாள் மனைவி.

தம்பி குண்டு டப்பாவையும் மூடி அவளிடமே நீட்டினான். அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

"போடு தாயி, வேண்டாங்கல. எதத் தூக்கிப் போடறோம்னு தெரிய வேண்டாமா? ஒரு தடவ சுட்டுட்டுப் போடு."

"இதென்ன பெரிய வித்தையா அண்ணி?"

நோயாளிகளைப் புரட்டிப் போட்டுப் பழகிய கை. குழல் மறுபேச்சில்லாமல் மடங்கியது. எதிரே, துணி அடைத்த மரப்பெட்டியில் குறியாகத் தகர மூடி ஒன்று தொங்கியது. அவள் துப்பாக்கியை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துச் சுட்டாள். குண்டு பெட்டியின் ஓரத்துப் பலகையில் போய்க் குத்தியது. இன்னும் இறுக்கினாள். இந்த முறை மேல் பலகை.

"உங்க துப்பாக்கிக்கு மாறுகண்ணுங்க."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கழுத்த நெரிச்சா அது எப்படி நேரா போகும்? ஸ்பிரிங் பாயும்போது துப்பாக்கி துள்ளும். துள்ள விடு. தூங்கற நோயாளியோட கையத் தூக்கி வெப்பியே, அப்படி உள்ளங்கைல சும்மா வெய்யி."

வைத்தாள். மூச்சை விட்டாள். விசையைத் தொட்டாள்.

டங்!

மூடி பம்பரமாய்ச் சுற்றியது. அவள் யாரையும் பார்க்கவில்லை. குழலை மடக்கி அடுத்த குண்டை வைத்தாள். டங். தம்பி மெதுவாகக் கையை நீட்டினான்.

"இருங்க, இன்னும் ஒண்ணே ஒண்ணு."

"அந்த ஒண்ணு எப்பவோ முடிஞ்சுதுடி."

"இரும்புக்காரன வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள் அக்கா.

"சும்மா இருங்க அண்ணி." ஒரே இழுப்பில் குழலை மடக்கி, குண்டு வைத்து நிமிர்த்தி, துப்பாக்கி வாயைப் பெட்டிப் பக்கமே வைத்தபடி அவனிடம் கொடுத்தாள். "இனிமே மடக்கறது என் வேல. நீங்க குழல இழுத்தீங்க, அவ்வளவுதான். உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

அவன் சுட்டான். மூடி சுற்றி நிற்பதற்குள் அவள் துப்பாக்கியை வாங்கிக்கொண்டாள்.