கிறேஸ் அக்காவின் இடக்கை மட்டைகள்

முதலில் கழுதைகள் விலக வேண்டும். அதற்குக் கிறேஸ் அக்கா கல் எடுப்பதில்லை, சத்தம் போடுவதுமில்லை. தோளில் தொங்கும் நீளப் பையை ஒருமுறை குலுக்குவார். உள்ளே கோல்ப் மட்டைகளின் இரும்புத் தலைகள் ஒன்றோடொன்று இடிபடும். மன்னார்த் தாழ்வுபாட்டின் தரவை வெளியில் நிற்கும் கழுதைகளுக்கு அந்தச் சத்தம் பழக்கம். தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஆறுதலாக ஒதுங்கும். பிறகு அவர் உப்புப் பூத்த நிலத்தைக் காலால் தடவிப் பார்த்து, மட்டை ஒன்றை உருவி, பந்துக்கு வலது பக்கமாகப் போய் நிற்பார்.

அடித்தால் பந்து உயரப் போகாது. தென்மேற்கிலிருந்து சோளகம் வீசுகிற மாதங்களில் உயரப் போகிற எதையும் காற்று கொண்டுபோய்விடும். பந்து கழுதையின் தலைக்கு மேல் எழும்பாமல், கம்பி இழுத்ததுபோலப் போய், தரையில் பட்டு, அதே அளவு தூரம் ஓடி, நீலக் கொடிக்குப் பக்கத்தில் நிற்கும். கொடி, பள்ளிக்கூடக் காற்சட்டை தைத்து மிஞ்சிய துணி. அதற்குக் கீழே புதைத்திருக்கும் வெறும் பால்மாத் தகர ரின்தான் குழி.  இதை முதல்முறை பார்த்தபோது, மாதா கோயில் பூசையில் எழுந்தேற்ற மணி அடிக்கும்போது வருமே ஒரு அமைதி, அதுபோலத்தான் எனக்கு இருந்தது.

கிறேஸ் அக்காவுக்கு வயது ஐம்பத்தெட்டு. தொழில் தையல். சீருடைகளும், கோயிலில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளுக்குச் சட்டைகளும் தைப்பார். இளவயதில் பஹ்ரைனில் ஒரு கோல்ப் மைதானத்தில் துப்புரவு வேலை செய்திருக்கிறார். புல்லே இல்லாத, முழுக்க மணலான மைதானம். நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரி ஒருத்தி தன் மட்டைப் பையை அங்கேயே விட்டுப் போக, வெள்ளிக்கிழமைகளில் வேலையாட்களும் விளையாடலாம் என்றிருந்ததால், அக்கா அதைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார். அந்த வெள்ளைக்காரி இடக்கைக்காரி. இடக்கைக்காரரின் மட்டையால் வலக்கைக்காரர் நிற்கிற பக்கம் நின்று அடிக்க முடியாது. சாப்பிடுவது, துணி வெட்டுவது, சிலுவை அடையாளம் போடுவது எல்லாம் வலக்கையால் செய்கிற அக்கா, இந்த விளையாட்டை மட்டும் இடக்கையாகப் பழகினார்.

"நான் நினைச்சன் தம்பி, மற்றவை எல்லாரும் பிழையா நிக்கினம் எண்டு. வெள்ளைக்காரர்தானே, ஆர் போய்ச் சொல்லுறது?"

அந்த மட்டைகள்தான் இன்றுவரைக்கும். பந்தில் படுகிற இரும்பு முகம் மெல்லியது, பாரம் அதிகம். கைப்பிடியின் ரப்பர் கழன்ற இடத்தில் வலைநூல் சுற்றியிருக்கிறார். உப்புக்காற்று தின்னாமல் இருக்க ஒவ்வொரு மாலையும் தையல் மெசின் எண்ணெய் போட்டுத் துடைப்பார். பந்து சரியாக நடுவில் பட்டால் கைக்கு ஒன்றும் தெரியாது. கொஞ்சம் தவறினால் முழங்கை வரைக்கும் அதிரும். "பொய் சொல்லாது இது" என்பார், பெருமையாக.

அந்தப் பெருமைதான் இப்போது கையைப் பிடித்துவிட்டது. இடக்கையாக அடிப்பவருக்கு முன்னே போகிற கை வலக்கை. அதிர்ச்சி முழுவதும் அதன் முழங்கையில் இறங்கும். கத்தரிக்கோல் பிடிப்பதும் அதே கை. போன தவக்காலத்தில் ஒரு சட்டையை வெட்டிக்கொண்டிருந்தபோது விரல்கள் மூடாமல் நின்றுவிட்டன. ஒன்றில் கத்தரிக்கோல், அல்லது அந்தத் தடி, இரண்டில் ஒன்றை விடச் சொன்னார் வைத்தியர். கத்தரிக்கோலை விட்டால் அடுப்பு எரியாது. மற்றதை விட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. மாலையில் அவர் தரவைக்கு நடந்து போகிற வேகத்தைப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

நான் ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு ஊருக்கு வருபவன். அங்கே என் அயல்வீட்டுக்காரன் றெனால்ட், அக்காவின் தம்பி. புதுமட்டைகள் பாரம் குறைவு, அதிர்ச்சியைத் தாமே வாங்கிக்கொள்ளும் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒரு செற் வாங்கி, கட்டிய பெட்டியாகவே என்னிடம் கொடுத்துவிட்டான். விமான நிலையத்தில் ஆயுதம் என்று பிடிப்பார்களோ, வரி கேட்பார்களோ என்று வழியெல்லாம் வியர்த்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். துணி வெட்டும் மேசையில் பெட்டியைத் திறந்தோம். அக்கா ஒரு மட்டையை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு மெல்ல மேசையில் வைத்தார்.

எல்லாம் வலக்கை மட்டைகள்.

றெனால்டைக் குறை சொல்லவும் முடியாது. முப்பது வருடமாகத் தமக்கை விளையாடுவதை அவன் பார்த்ததில்லை. அவர் வலக்கைக்காரி என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். போனில் அழுவதுபோலப் பேசினான். பந்தில் படாதவரைக்கும் கடையில் மாற்றித் தருவார்கள், நீ திரும்பக் கொண்டுவா, இடக்கை செற் எடுத்து அனுப்புகிறேன் என்றான். எனக்குச் சனிக்கிழமை பயணம். பெட்டியை மறுபடி கட்டும் விதத்தைக்கூட நான் மனதுக்குள் யோசித்துவிட்டேன். சந்தியில் முச்சக்கரவண்டி ஓட்டுகிற பைறூஸும் அதையே சொன்னார். ஓட்டம் இல்லாத நேரங்களில் அக்காவோடு தரவைக்கு வந்து பந்து பொறுக்குபவர் அவர்தான். அக்கா இரண்டு நாளாக ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஒரு வெள்ளைச் சட்டைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தார். கடுதாசி அளவைத் துணியில் வைத்து ஒரு கை வெட்டினார். அதே கடுதாசியைக் கவிழ்த்துப் போட்டு மற்றக் கை. இடையிடையே முழங்கையை அமத்திக்கொண்டார்.

"இடக்கை மட்டை மாத்தி வந்தாலும் அடி இந்தக் கையிலதான் தம்பி விழும். கொஞ்சம் மெல்லமா விழும், அவ்வளவுதான்."

 அவர் வெட்டிய துணியை உதறினார்.

"இந்தக் கை நெடுக உழைச்சிட்டுது. மற்றது சும்மா துணைக்குத்தானே வந்தது. இந்தப் புது மட்டையாலயே அதைக் கொஞ்சம் முன்னுக்கு விட்டுப் பாப்பம்."

முப்பது வருடப் பழக்கத்தை உடம்போடு சேர்த்துக் கவிழ்த்துப் போடுவது பற்றி, ஒரு சட்டைக் கையைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் சொன்னார். 

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூவரும் தரவைக்குப் போனோம். தெற்குக் கரையில் காற்றாலைகள் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அக்கா புதிய ஏழாம் நம்பர் மட்டையோடு பந்துக்கு இடது பக்கம் போய் நின்றார். அந்த ஒரு மாற்றத்திலேயே ஆள் வேறாகிவிட்டார். தோள் எங்கே, இடுப்பு எங்கே என்று உடம்புக்கே தெரியவில்லை. முதல் வீச்சில் மண் மட்டும் பறந்தது. இரண்டாவதில் பந்து உருண்டுபோய் ஒரு கழுதையின் காலடியில் நின்றது. அது குனிந்து மணந்து பார்த்தது.

"அக்கா, அதுவே உதைச்சாலும் இதைவிடத் தூரம் போகும்" என்றார் பைறூஸ்.

அக்கா சிரித்தார். அடுத்ததும் அடுத்ததும் அப்படியே. மட்டையின் பளபளத்த முகத்தில் கீறல் விழுந்துவிட்டது. இனிக் கடையில் எடுக்கமாட்டார்கள். அக்கா சிரிப்பதை நிறுத்தியிருந்தார். நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்க, துடைக்காமல் பந்தையே பார்த்தார். கண்களில் வியர்வை மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை. கோயிலில் மாலைச் செபத்துக்கான திருந்தாதி மணி அடித்தது. அக்கா சிலுவை போட்டு முடிக்கும்வரை மூவரும் நின்றோம், முஸ்லிமான பைறூஸும் தலையைக் குனிந்தபடி.

அதற்குமேல் பைறூஸுக்குத் தாங்கவில்லை. முச்சக்கரவண்டிக்குப் போய், பழைய பைக்குள்ளிருந்து வலைநூல் சுற்றிய மட்டையை உருவிக்கொண்டு வந்து நீட்டினார்.

"ஒண்டே ஒண்டு அடியுங்கோ அக்கா. மனசு ஆறும்."

அக்கா புதியதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பழையதை வாங்கினார். கைப்பிடியில் அவர் விரல்கள் தாமாகப் போய் உட்கார்ந்தன. பைறூஸ் மூச்சு விட்டார், நானும் விட்டேன். அக்கா தூரத்து நீலக் கொடியை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு குனிந்து, துணியில் அடிமட்டம் வைப்பதுபோலப் பழைய மட்டையைக் கொடிக்கு நேராகத் தரையில் கிடத்தி, பந்துக்கு இடது பக்கமாகச் சுற்றி வந்து, கக்கத்திலிருந்த புதியதைக் கைக்கு எடுத்து, இரண்டு பாதங்களின் நுனியையும் அதன் ஓரத்தில் ஒட்டி வைத்தார்.