கன்னியம்மா எழுத வைத்த மனு

மனு எழுதிக் கொடுப்பது என்றால், அடுத்தவர் வயிற்றெரிச்சலை நம் கையெழுத்தில் எழுதுவது. எழுதி முடித்ததும் அவர்களுக்குப் பாரம் இறங்கிவிடும். நமக்கு விரல் வலிக்கும். தாலுகா ஆபீஸ் வராந்தாவில் மனுவைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து நின்று, “நாளைக்கு வா” என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பிய அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். அந்த மனுவை எழுதின கைக்கும் சில அனுபவங்கள் உண்டு.

திருத்தணியில் என் வீட்டுக்காரர்தான் மனு எழுதிக்கொண்டிருந்தவர். யுத்தம் ஆரம்பித்த சமயத்தில் அவருக்கு வலது கை நடுங்கத் தொடங்கியது. பேனாவைப் பிடித்தால் எழுத்து கோழி கிளறினது போல ஆகிவிடும். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். படிப்பு அவ்வளவுதான், ஆனால் எழுத்து குண்டு குண்டாக இருக்கும். பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், பெரியவன் அரக்கோணத்தில் ரயில்வேயில், பெண் பள்ளிப்பட்டில் வாழ்க்கைப்பட்டுவிட்டாள். அதனால் அவர் சாய்வு நாற்காலியில் இருந்தபடி சொல்ல, நான் முன்னறையில் உட்கார்ந்து எழுதுவது என்று ஆயிற்று. ஜன்னல் வழியாக மலையைப் பார்த்து “முருகா” என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் மைக்கூட்டைத் திறப்பேன்.

பத்திரிகையிலிருந்து வந்த சொல்

காங்கிரஸ்காரர்களைப் பிடித்துப் பிடித்து ஜெயிலில் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. பத்திரிகையைத் திறந்தால் ‘அடக்குமுறை’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். என் வீட்டுக்காரருக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துவிட்டது. அதுவரை எங்கள் மனுக்களில் ‘கஷ்டம்’, ‘அக்கிரமம்’ இவைதான். அதெல்லாம் பழசாகிவிட்டது, படிக்கிற அதிகாரிக்கு உறைக்காது என்று சொல்லி, புதிதாக ஒரு கடைசிப் பத்தி கட்டினார். “மேற்படியாரின் அடக்குமுறையால் நானும் என் குடும்பத்தாரும் சொல்லொணாத் துயரத்துக்கு ஆளாகி” என்று தொடங்கி நாலு வரி. அது எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. மேலே பிள்ளையார் சுழி போடுவது போல, கீழே அந்த நாலு வரியைக் கை தானாகவே எழுதிவிடும்.

ஜனங்களுக்கும் அது பிடித்துப்போயிற்று. சைக்கிள் வாங்கித் தராத தகப்பனார் மேல் தாய்மாமனுக்குக் கடுதாசி எழுத வந்த ஒரு காலேஜ் பையனுக்குக்கூட அந்தச் சொல் வேண்டியிருந்தது. கடைத்தெருவில் காப்பி கிளப் வைத்திருந்தவர் ஒருவர், தனக்குச் சர்க்கரை அளவைக் குறைத்துவிட்டார்கள் என்று மனு எழுத வந்தார். எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு சொன்னார்: “இன்னும் ரெண்டு எடத்துல போடுங்கம்மா. சக்கரைக்குத்தான் ரேஷன், இதுக்கு ஏது ரேஷன்?”

பண்ணைக்காரரின் துயரம்

திருவாலங்காட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு பண்ணைக்காரர் வில்வண்டியில் வந்து இறங்கினார். நெல்லும் கரும்புமாக நல்ல சொத்து. அவர் ஊரில் ஒரு பழக்கம் இருந்தது. அமாவாசைக்கு முந்தின நாள் சேரிப் பெண்கள் எல்லாரும் அவர் வீட்டுக்கு வந்து, கூலி இல்லாமல் நெல் குத்திக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வெட்டி என்பார்கள். அந்த வருஷம் அவர்கள் வரமாட்டோம் என்று நின்றுவிட்டார்களாம். அதற்காக இவர், சேரியார் தண்ணீர் எடுக்கிற கிணற்றின் மேல் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார். கிணறு தன்னுடையது, அதில் அத்துமீறி இறங்கப் பார்க்கிறார்கள், போலீஸ் பந்தோபஸ்து வேண்டும் என்பது மனு.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசியில் அந்த நாலு வரியையும் எழுதினேன். எனக்கு அப்போது ஒன்றும் உறுத்தவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வாசித்துக் காட்டினபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மேல்துண்டால் துடைத்துக்கொண்டு சொன்னார்: “நான் இவ்ளோ கஷ்டப்படறேன்னு எனக்கே இப்பத்தாம்மா தெரியுது.”

அதே நாலு வரி

நாலு நாள் கழித்து அதே ஊரிலிருந்து கன்னியம்மா வந்தாள். சேரிப் பெண்களுக்கு அவள்தான் வாய். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, நிமிர்ந்த கழுத்து. சித்திரை வெயிலில் விடியற்காலையிலிருந்து நடந்து வந்திருந்தாள். தெருவில்தான் நின்றாள். அவர்கள் அப்படித்தான் நிற்பார்கள், நாங்கள் வாசற்படியில் இருந்தபடி பேசுவோம். தண்ணீர் கேட்டாள். சொம்பில் கொண்டுவந்து படியிலிருந்தே சாய்த்து ஊற்றினேன். அவள் குனிந்து இரண்டு கையையும் குவித்து வாங்கிக் குடித்தாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். முள் போட்ட அதே கிணறு. அதை விட்டால் சேரிக்குக் குடிக்கத் தண்ணீர் கிடையாது.

எதிராளி மனுவும் நாங்கள் எழுதினதுதானே என்று தயங்கினேன். ஆனால் அவர் நாற்காலியிலிருந்தே, யார் வந்தாலும் எழுதிக் கொடுப்பதுதான் நம் தொழில் என்று சொல்லிவிட்டு, சொல்ல ஆரம்பித்தார். ஏழை எளியவர்கள், தங்கள் பாதமே கதி என்றெல்லாம் போய், அதே நாலு வரியில் முடிந்தது. அவள் கைநாட்டு வைத்து வாங்கிக்கொண்டு போனாள்.

தாலுகா ஆபீஸில் இரண்டு நாள் காத்திருந்தாள். மூன்றாம் நாள் குமாஸ்தா ஒருவர் இரண்டு மனுவையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே கையெழுத்து, ஒரே கடைசிப் பத்தி. ஆபீஸில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்துவிட்டு அவளிடம் சொன்னாராம்: “அவரும் அடக்குமுறைங்கறாரு, நீயும் அடக்குமுறைங்கறே. யாரு யாரை அடக்கறதுன்னு ரெண்டு பேரும் முதல்ல பேசி முடிவு பண்ணிகினு வாங்க.”

நடந்தது

அவள் நேரே என்னிடம் வந்தாள். முன்போலவே தண்ணீரைப் படியிலிருந்தே சாய்த்து ஊற்றினேன். நாலு வார்த்தை திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்திருந்தேன். அவள் திட்டவில்லை. மனுவை நீட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுக்கப் படிக்கச் சொன்னாள். படித்தேன். அந்தக் கடைசிப் பத்தியில் வருகிறதே, அது என்ன என்று கேட்டாள். வலுத்தவன் இளைத்தவனை மிதித்து வைப்பது என்று எனக்குத் தெரிந்தபடி சொன்னேன். “மெய்தாம்மா. ஆனா அந்த வார்த்தையை ஆண்டையும் போட்டுகினாரு. கிணத்தை நான் வெட்டினேன்னு அவரால எழுத முடியுமா?” என்றாள்.

அப்புறம் அவள் சொன்னாள், நான் எழுதினேன். ஏரி வற்றின வருஷம் அந்தக் கிணற்றை வெட்டினவர்கள் அவளுடைய நைனாவும் மற்ற மூன்று பேரும்; பேர் இன்னது. கிணறு இருப்பது ஏரிக்கரைப் புறம்போக்கில். பண்ணை நிலத்தின் சர்வே கல் கிணற்றுக்குத் தெற்கே பத்தடி தள்ளி இருக்கிறது. இருபது வருஷமாக அந்தக் கல்லைச் சுற்றிக் களை பிடுங்கினவள் அவள். முள் போட்டது அமாவாசைக்கு அடுத்த திங்கட்கிழமை. அன்றிலிருந்து பெண்கள் ஏரிக்குள் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தை நிரப்புகிறார்கள். ஒரு குடம் நிரம்ப வெயில் ஏறிவிடுகிறது. மூன்று குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. ஊர்க் கிணற்றுக்குப் போனால் இவர்கள் சேந்தக் கூடாது. யாராவது மனசு வைத்து மேலே இருந்து ஊற்றினால் குனிந்து கையேந்திக் குடிக்க வேண்டும், குடத்துக்கு ஊற்றமாட்டார்கள்.

‘கையேந்திக் குடிக்க வேண்டும்’ என்று எழுதும்போது என் பேனா நின்றுவிட்டது. வாசற்படியில் என் சொம்பு இருந்தது. அதிலிருந்து ஊற்றின தண்ணீரின் ஈரம்கூடத் தெரு மண்ணில் இன்னும் காயவில்லை. நான் தலை நிமிரவில்லை. எத்தனை பேருடைய மனுவில் அந்தப் பெரிய சொல்லை எழுதிக் கொடுத்தேன். அது என் வாசலிலேயே தினம் நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. ஏதோ குழந்தையைத் தேற்றுவது போல மெதுவாகச் சொன்னாள்: “உங்களைச் சொல்லலம்மா. நடக்கறதைச் சொன்னேன்.”

தாசில்தார் கேட்ட கேள்வி

இது எங்களுக்குக் குமாஸ்தாவே வந்து சொன்னது. கேலி செய்தவர்தான். நல்ல மனுஷர், சொல்லும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது. இரண்டாவது மனுவைத் தாசில்தார் நின்றுகொண்டே படித்தாராம். படித்தவர் அதை மற்ற மனுக்களின் கட்டோடு சேர்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரமே ரெவின்யூ இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு, நிலம் அளக்கிற சங்கிலியோடு அந்த ஊருக்குப் போய்விட்டார். பண்ணைக்காரர் நாற்காலி போட்டு இளநீர் வெட்டி வைத்திருந்தார். தாசில்தார் உட்காரவில்லை. அளந்தார்கள். கல் அவள் சொன்ன இடத்தில், சொன்ன அடியில் இருந்தது.

பண்ணைக்காரர் அப்போதும் விடவில்லை. இந்த ஜனங்கள் தன்னை அடக்கி ஆளப் பார்க்கிறார்கள் என்று ஆரம்பித்தார். தாசில்தார் கன்னியம்மா பக்கம் திரும்பி, பயப்படாமல் சொல், இவர் உனக்கு என்ன கொடுமை செய்தார் என்று கேட்டார். சேரி முழுக்க அவள் பின்னால் காலிக் குடங்களோடு நிற்கிறது. எத்தனை வருஷத்துக் கதை இருக்கும். அழுது கொட்டப்போகிறாள் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்களாம். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னது இதுதான்: “அதுக்கு என்னா பேருன்னு நீங்களே வச்சுக்கோங்க சாமி. முள்ளை எடுக்கச் சொல்லுங்க, கொயந்தைங்க காத்துகினு இருக்குது.”

கொண்டுவந்த தண்ணீர்

அன்று சாயங்காலத்துக்குள் முள் போய்விட்டது. கயிறும் ராட்டினமும் அவர்களே போட்டுக்கொண்டார்கள். பண்ணைக்காரர் கன்னியம்மாவை மட்டும் அதற்கப்புறம் வேலைக்குக் கூப்பிடவில்லை. அவள் மணவூர்ப் பக்கம் ரயில் பாதையில் ஜல்லி சுமக்கப் போய்விட்டாள். என் பெரிய பிள்ளை ஒரு தடவை அவளை அங்கே பார்த்துவிட்டு வந்து சொன்னான். கூடையை இறக்கி வைத்துவிட்டு, அம்மா சௌக்கியமா என்று கேட்டாளாம். குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லையாம்.

அடுத்த தடவை அவள் வந்தால் சொம்பை அவள் கையிலேயே கொடுத்துவிடுவது என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். ஸ்வாமிக்கு விளக்கு ஏற்றும்போது தினம் ஒரு தரம் அதைச் சொல்லியும் வைத்தேன். சொல்லி வைத்தால்தானே தைரியம் வரும். ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தாள். தண்ணீர் கேட்கவில்லை. கொண்டுவந்திருந்தாள். சின்ன மண் குடம், வாயில் ஈரத்துணி கட்டியிருந்தது. கீழ்ப் படியில் வைத்துவிட்டு, அந்தக் கிணற்றுத் தண்ணீர் என்றாள்.

எங்கள் தெருவில் அவள் கைத் தண்ணீரை யாரும் குடித்தது கிடையாது. எதிர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. என் வீட்டுக்காரர் பத்திரிகையை மடியில் இறக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடுப்பதற்குத்தான் நான் தயார் செய்து வைத்திருந்தேன், வாங்கிக்கொள்வதற்கு இல்லை. மூன்று தரம் முருகா என்று சொல்கிற நேரம் தயங்கினேன். அந்த நேரம் முழுக்கக் கன்னியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு மலையைப் பார்த்தபடி நின்றாள். நான் தயங்குவதைத் தான் பார்க்கக் கூடாது என்று அப்படிச் செய்தாள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் யாருக்கும் அந்த நாகரிகம் கிடையாது, எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். படியிறங்கி, துணியை அவிழ்த்து, சொம்பில் சாய்த்து வாயில் வைத்துக் குடித்தேன். சில்லென்று இருந்தது. இன்னும் கொஞ்சம் சாய்த்துக்கொண்டேன். அவள் அப்போதுதான் திரும்பினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, சொம்பைத்தான் பார்த்தாள். அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: “உப்புக் கரிக்கலியேம்மா?”

‘அடக்குமுறை’ என்ற அந்தச் சொல்லைப் போட்டு எழுதச் சொல்லி இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். ஆகட்டும், என்ன நடந்தது என்று முதலில் சொல்லுங்கள் என்று நான் பேனாவை எடுத்தால், பாதிப் பேருக்கு வீட்டில் ஏதோ வேலை ஞாபகம் வந்துவிடுகிறது.