புள்ளி விழாத குளம்

அந்த ஊரில் ஏரி, குளம், குட்டை, மீன் வளர்க்கும் பண்ணை என்று எல்லாம் சேர்த்து முப்பத்தொரு நீர்நிலைகள். அத்தனைக்கும் ஒரே ஓர் ஆய்வாளர். அவருடைய உத்தியோகப் பெயர் ஒன்றரை வரி நீளம். அதை யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? புள்ளிக்காரர் என்றால் போதும். வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும் செடியோ நத்தையோ எங்காவது தலைகாட்டினால், அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் பெரிய வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும். இருபத்தாறு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிற மனிதர். எந்தக் குளத்தில் எது முளைத்தாலும் மூக்கில் வேர்த்ததுபோல் போய் நிற்பார். இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய சொந்த அக்காவின் மீன் பண்ணை முறை வரும். நாலு குளத்தையும் பார்த்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து டீ குடித்தபடி ஆரம்பிப்பார்.

"கண்ட அன்னைக்கே சொல்லணும்க்கா. அதான் இந்த வேலையோட உயிர். தும்பை விட்டுட்டு வாலைப் பிடிச்சு என்ன பிரயோஜனம்?"

"போதும்டா தம்பி. கேட்டுக் கேட்டு என் மீனுக்கெல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு" என்பாள் அக்கா.

அக்காவுக்கு அந்த நாலு குளம்தான் உலகம். மூன்று குளங்களில் குஞ்சு. நாலாவதில் தாய்மீன்கள், ஒவ்வொன்றும் எட்டு வருஷம், ஒன்பது வருஷம் அவள் கையால் தின்று வளர்ந்தவை. கரையோரம் சிமெண்டுத் தொட்டிகளில் வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்கான நீர்ச்செடிகளும் வளர்த்து விற்றாள். புருஷன் போன பிறகு யாரிடமும் கையேந்தாமல் நின்றது அந்தத் தண்ணீரை நம்பித்தான்.

புள்ளிக்காரருக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஒரு குளத்துக் குப்பை இன்னொரு குளத்தின் பேரில் பதிவாகிவிடக் கூடாது. அதனால் புதுக் குளத்துக்குப் போனதும், மாதிரி அள்ளுவதற்கு முன்னால், கைவலையை அந்தத் தண்ணீரிலேயே இரண்டு முறை முக்கி, உதறி, அலசுவார். வலை சுத்தமான பிறகுதான் அள்ளுவார். வேலை முடிந்ததும் வலையை வெந்நீரில் ஊறவைத்துக் காயப்போட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒரு நாளில் நாலு இடம் பார்க்கிறவன் வலையைக் காயப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் விளங்கினாற்போலத்தான் என்று அதை மடித்து மேஜைக்குள் போட்டுவிட்டார். என் புள்ளியில் கலப்படம் இருக்காது என்று பெருமை வேறு.

போன வருஷம் வடக்கு ஏரியில் சீப்புக்கொடி வந்தது. சீப்புப் பல் மாதிரி இலை இருப்பதால் அந்தப் பெயர். நகத்தளவு துண்டு போதும், புதிதாகத் துளிர்த்துவிடும். இரண்டு மாதத்தில் தண்ணீரை மூடி, மீனை மூச்சுமுட்ட வைத்துவிடும். புள்ளிக்காரர் பார்த்த அன்றைக்கே சொன்னார். ஆட்கள் வந்து வாரினார்கள். ஆனால் அடுத்த மாதம் பக்கத்துக் குளத்தில் முளைத்தது. அப்புறம் கல்குவாரிக் குட்டையில். பத்து மாதத்தில் பதினாலு புள்ளி. பதினாலையும் கண்டுபிடித்தவர் அவர்தான். மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

ஒன்பதாவது புள்ளி அக்காவின் பண்ணை. அதையும் அவரே வைத்தார். அக்கா என்று பார்த்தால் வேலை நடக்குமா? வாரி எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று இருவரும் நினைத்தார்கள்.

சனியன் அதோடு விடவில்லை. எங்கிருந்து பரவுகிறது என்று மேலிடம் நெருக்கியது. அலுவலகத்தின் தலைமையில் இருந்த அதிகாரியம்மா கெட்டவள் அல்ல, ஆனால் அவளுக்கு ஒரு பதில் தேவைப்பட்டது. புள்ளிகளுக்கு நடுவில் ஒரு பண்ணை. அங்கே நீர்ச்செடி வியாபாரம். இதைவிட என்ன வேண்டும்? தண்ணீரை வடித்து, எல்லாக் குளத்திலும் சுண்ணாம்பு போட்டு, இரண்டு வருஷம் பூட்டச் சொல்லி உத்தரவு வந்தது. பன்னிரண்டு நாள் தவணை.

அக்கா அலுவலகத்துக்கே வந்தாள்.

"அந்தக் கொடியை நான் வாங்கினதும் கிடையாது, வித்ததும் கிடையாதுடா. உனக்குத் தெரியாதா? எங்கிருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு. உன்னால முடியும்."

மறுநாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, புள்ளிக்காரர் வரைபடத்தின் முன் நின்றார். தேதிவாரியாக ஒரு காகிதத்தில் எழுதினார். வடக்கு ஏரி, பக்கத்துக் குளம், கல்குவாரி. அந்த வரிசையை அவர் தூக்கத்தில்கூடச் சொல்லுவார். திங்கள் முதல் வெள்ளி வரை அவர் சைக்கிள் போகும் வழி அது.

நடுவில் ஒரே ஒரு குளத்தில் மட்டும் புள்ளி இல்லை. பாலத்தடிக் குளம். இந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி. பறவை கொண்டுவந்திருந்தால் அதிலும் போட்டிருக்கும். அங்கே போகும் மரப்பாலம் இரண்டு வருஷத்துக்கு முன் இடிந்துவிட்டது. அதன் பிறகு அவர் போகவில்லை. ரோட்டிலிருந்து பார்த்தால் இன்றைக்கும் அங்கே வெறும் தண்ணீர்தான் தெரியும். அவர் போகாத குளத்துக்குக் கொடியும் போகவில்லை.

ஊர்க் குளத்தையெல்லாம் துழாவிய மனிதருக்குத் தன் முதுகு தெரியவில்லை. வேலி பயிரை மேய்ந்ததுகூடப் பரவாயில்லை, அதற்குப் பசி. இவர் சுத்தம் பார்த்து அல்லவா மேய்ந்திருக்கிறார்.

உறுதிப்படுத்தாமல் புள்ளி வைக்கக் கூடாது என்பது அவர் சட்டம். வீட்டுக்குப் போய் ஒரு வாளி குழாய்த் தண்ணீரில் வலையை அலசிக் கொல்லைப்புறம் வைத்தார். நாலாம் நாள் காலையில் வாளியின் ஓரத்தில் ஒரு பச்சைத் துளிர் நின்றது. பற்கள் எண்ணும்படி இருந்தன.

அப்போது தவணைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அறிக்கைப் படிவத்தை எடுத்து, 'பரவிய வழி' என்ற கட்டத்தில் 'ஆய்வாளரின் கைவலை' என்று எழுதினார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலுவலகம் போனார். அதிகாரியம்மா புது ஊழியர்களிடம் அவரைக் காட்டி, "இவர் மாதிரி வேலை பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். படிவம் பையிலேயே இருந்தது. மறுநாளும் இருந்தது. குழாய்த் தண்ணீரில் ஏதாவது இருந்திருக்குமோ, இன்னொரு வாளி வைத்துப் பார்க்கலாம் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். சத்தியமாக அவருக்குச் சந்தேகமே இல்லை. பயம்தான். ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. புள்ளிக்காரர் என்று கூப்பிட்ட வாயெல்லாம் இனி என்னவென்று கூப்பிடும் என்று பயந்தார்.

தவணை நாளன்று லாரி வந்தது. மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். தாய்மீன்கள் சேற்றில் புரண்டன. அக்கா வரப்பில் நின்று கடைசி வரை பார்த்தாள். புள்ளிக்காரர் அங்கே போகவில்லை. உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லியிருந்தார்.

மறுநாள் காலையில் படிவத்தை அதிகாரியம்மாவின் மேஜையில் வைத்தார். அவள் இரண்டு முறை படித்தாள்.

"சார், கீழே தேதி போட்டிருக்கீங்களே. இது போன வார தேதி."

"ஆமா."

அவள் முத்திரை குத்தினாள். "நாளையிலிருந்து நீங்க தண்ணி பக்கம் போக வேண்டாம்" என்றாள். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அங்கிருந்து நேரே அக்கா வீடு. நாலு குளமும் வெள்ளை வெளேரென்று கிடந்தன. சுண்ணாம்பு வாடை கண்ணைக் கரித்தது. அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். வலை, சைக்கிள் வழி, பாலத்தடிக் குளம், வாளி.

"தெரியாம நடந்துபோச்சுடா" என்றாள் கடைசியில். "நல்லா வேலை பார்க்கணும்னுதானே அலசுனே. அதுக்கு நான் உன்னை என்ன சொல்ல?"

அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தப்பித்தோம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"வாளியில எப்போ துளிர்விட்டுச்சு?"

பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. "போன வியாழக்கிழமை" என்றார்.

அக்கா விரல் விட்டு எண்ணினாள். ஆறு விரல் மடங்கியது. மடக்கிய கையைப் பிரிக்காமல் எழுந்து, வெள்ளையாகக் கிடந்த நாலாவது குளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கண்ட அன்னைக்கே சொல்லணும்னு சொல்லுவியேடா" என்றாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.