கீரிக் கடற்கரையில் ஒரு வேற்றுக்கிரகவாசி

மன்னார்க் கரையோரக் கிராமமான கீரியில் கொலின்ஸைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் அவன் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒழுங்காகச் சொல்லக்கூடியவர்களும் இல்லை. சிலர் சூது என்றார்கள். சிலர் ஜெபக்கூட்டம் என்றார்கள். பங்குத்தந்தையே ஒருநாள் வந்து எட்டிப் பார்த்து, தேத்தண்ணி குடித்து, ஒன்றும் விளங்காமல் ஆசீர்வதித்துவிட்டுப் போனார்.

விஷயம் இதுதான். கிழமை நாட்களில் ஐஸ் பக்டரியில் மெஷின் பார்க்கிற கொலின்ஸ், ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுக் கதை சொல்ல உட்காருவான். கேட்பவர்கள் சும்மா இருக்க முடியாது. ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் இறங்கி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லவேண்டும். செய்தது பலித்ததா, பிழைத்ததா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும். கட்டாரில் வேலை செய்த காலத்தில் ஒரே அறையில் இருந்த பிலிப்பைன்ஸ்காரன் பழக்கிவிட்ட விளையாட்டு. பிரியும்போது அந்தப் பகடையையும், பழைய இங்கிலீஷ் படங்கள் நிரம்பிய ஒரு ஹார்ட் டிஸ்கையும் கொலின்ஸின் கையில் வைத்துவிட்டுப் போனான்.

அந்தப் படங்களைப் பற்றி என்ன சொல்ல! எல்லாம் கறுப்பு வெள்ளை. வேற்றுக்கிரகவாசியின் முதுகில் வேஷ உடுப்பின் ஸிப் தெரியும். பறக்கும் தட்டு நூலில் ஆடும். கொலின்ஸுக்கோ அவை என்றால் உயிர். பேசுகிற இங்கிலீஷில் பாதிதான் விளங்கும், மிச்சத்தைத் தானே இட்டு நிரப்புவான். பாலைவனத்தைத் தலைமன்னார் மணல்மேடாக்கி, விஞ்ஞானியை டொக்டராக்கினால் அந்த ஞாயிறுக்குக் கதை தயார்.

நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, கூட விளையாடிய செலீனாவுக்கு மட்டக்களப்புக்கு இடமாற்றம் வரும்வரை. அவள் போனபிறகு மேசையில் மிஞ்சியது மனைவி கிருஷிகாவும் ஓட்டோக்காரர் அப்துல் றசாக்கும்தான். இரண்டு பேரை வைத்து விளையாடினால் கொட்டாவிதான் வந்தது. "கொஞ்ச நாளைக்கு விடுவோமே, தம்பி," என்றார் றசாக் நானா. கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று கொலின்ஸுக்குத் தெரியாதா?

கிருஷிகாதான் வழி பண்ணினாள். தன்னோடு கந்தோரில் வேலை செய்யும் நிருஷாவை அழைத்தாள். முருங்கன் ஊர்ப் பிள்ளை, வயல்காரக் குடும்பம். "ஒருக்கா வந்து பாக்கிறன் அக்கா. பிடிச்சாத்தான் பிறகும் வருவன்," என்று வெட்டொன்று துண்டிரண்டாய்ச் சொல்லிவிட்டாள். ஆக, மேசை நிலைப்பதும் கலைவதும் அந்த ஒரு பின்னேரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கொலின்ஸ் தன்னிடமிருந்த படங்களிலேயே சிறந்ததை எடுத்தான். கடலிலிருந்து ஒரு வேற்றுக்கிரகப் பூதம் வரும். கண்டவன் பொலிசுக்கு ஓடுவான். பொலிஸ் சிரிக்கும். அங்கேதான் கதை சூடு பிடிக்கும். கடைசியில் பூதம் கரண்ட் கம்பியில் மாட்டிச் சாகும். இன்ஸ்பெக்டரின் சிரிப்பைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகியும் வைத்திருந்தான்.

றசாக் நானா எப்போதும்போல டொக்டர். கிருஷிகா கரையில் மீன் வாங்குகிற வியாபாரி.

"நான் ஆராய் இருக்கோணும்?" என்று நிருஷா கேட்டாள்.

"நீர் விரும்பின ஆளாய் இரும்," என்றாள் கிருஷிகா.

"அப்ப நான் நிருஷாவாவே இருக்கிறன்."

கொலின்ஸ் குரலைத் தாழ்த்தினான். "விடியக் கருக்கல். கரைவலை இழுத்தாச்சு. உள்ளுக்கை மீன் இல்லை. மாடளவிலை ஒண்டு கிடக்குது. வழுவழுத்த தோல், மூண்டு கண். உங்களைத்தான் பாக்குது. என்ன செய்யிறியள்?"

றசாக் நானா முன்னால் சாய்ந்தார். "வேற யாராச்சும் கண்டாங்களா?"

"இல்லை."

"அப்ப வலையைப் போட்டு மூடுங்க."

"நான் மேலாலை ஓலை பரப்புறன்," என்றாள் கிருஷிகா.

"ஒருதருக்கும் சொல்லாதேங்கோ," என்றாள் நிருஷா. "சொன்னா முதல் எங்களைத்தான் விசாரிப்பினம். எங்கை எடுத்தது, ஆர் தந்தது, ஐடி எங்கை எண்டு."

கொலின்ஸ் விடவில்லை. "நானா, நீங்கள் டொக்டர். பொலிசிலை சொல்லுறதுதானே முறை?"

"டொக்டருக்கு என்ன விசரா?"

கதை கந்தலானது. பிடிக்கத் தடையான கடற்பசு மாட்டினால்கூட வலையை அறுத்து அதை விட்டுவிட்டு, வாய் திறவாமல் வீட்டுக்கு வருகிற கரை இது. இங்கே எவன் தானாகப் பொலிசுக்கு ஓடுவான்? அத்தனை தடவை பார்த்த படத்தில் இந்த ஓட்டை தன் கண்ணில் படவில்லையே என்று கொலின்ஸ் தலையில் கை வைத்தான். பழகிவைத்த சிரிப்பு வீண். நிருஷா கன்னத்தில் கை ஊன்றிக் காத்திருந்தாள்.

வேறு வழி தெரியாமல், "நேவி ஜீப் வருது," என்றான்.

றசாக் நானாவின் கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டது. விளையாட்டுக்காக இல்லை. அங்கிருந்த எல்லோரும் ஏதோ ஒரு காலத்தில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வெய்யிலில் நின்றவர்கள்தான். எதற்காக ஜீப்பைக் கொண்டுவந்தேன் என்று கொலின்ஸுக்கு நெஞ்சு உறுத்தியது.

நிருஷா பகடையை எடுத்தாள். "நான் கதைக்கிறன்." எழுந்து நின்று, நல்ல சிங்களத்தில், மாத்தயா, இது செத்த மாடு, ரெண்டு நாளாகக் கிடந்து நாறுகிறது, கிட்ட வந்தால் சட்டையில் மணம் பிடித்துவிடும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு விளக்கினாள். பகடை இருபதுக்குப் பத்தொன்பது காட்டியது. ஜீப் வந்த வேகத்தில் திரும்பிப் போனது. றசாக் நானா கதிரையிலிருந்து விழாத குறை. நிருஷாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு கதை தன் பாட்டில் ஓடியது. கிருஷிகா சாளை மீன் கொடுத்துப் பார்த்தாள், பூதம் தின்னவில்லை. டொக்டர் நாடி பிடித்தார், நாடி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. நிருஷா பழஞ்சோறு வைத்தாள், பகடையும் ஓம் என்றது, அது தின்றது. கரண்ட் கம்பி கொலின்ஸின் நாக்கு நுனியில் இருந்தது. பார்த்தால், நிருஷாவின் கை மேசைமேல் கண்ணுக்குத் தெரியாத எதையோ தடவிக்கொண்டிருக்கிறது. போகட்டும் என்று கம்பியை விழுங்கிவிட்டான். இந்த வீட்டு மேசையில் ஒரு பூதம் உயிர் தப்பியது அதுதான் முதல் தடவை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. றசாக் நானா ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணினார். நிருஷா செருப்பை மாட்டினாள். அடுத்த கிழமையும் வருவாளோ எண்டு கேளுங்கோவன் என்று கிருஷிகா கண்ணால் சொல்லிச் சொல்லிக் களைத்தாள். ஆம்பிளையோ வாசலில் நின்று பகடையைத் துடைத்துக்கொண்டிருந்தான். இல்லை என்று சொல்லிவிட்டால்?

படலையைத் திறந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணா, அடுத்த ஞாயிறு நான் வரும்வரைக்கும் அதுக்கு ஆர் சாப்பாடு வைக்கிறது?"

"நான் வைக்கிறன்," என்றான் கொலின்ஸ்.

"தண்ணியும்," என்றபடி அவள் ஓட்டோவில் ஏறினாள்.