அச்சில் வராத அத்தியாயங்கள்

மழைக்காலத்தில் வரும் வார இதழுக்குத் தனி வாசனை உண்டு. ரயிலில் ஈரச் சாக்குகளோடு கிடந்து, பெட்டிக்கடை அண்ணாச்சியின் மண்ணெண்ணெய் டின்னுக்கும் வாழைத்தாருக்கும் நடுவே ஒதுங்கி, எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்போது தாள்கள் துவண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அம்மா அதை விறகடுப்பின் பக்கத்தில், சூடு படும்படியும் தீப்பிடிக்காதபடியும் நிறுத்திவைப்பார். தாள் காய்ந்து விறைக்கும்போது எழும் அந்த மணம், மையும் புகையும் கலந்தது, இன்றும் ஏதாவது பழைய புத்தகக் கடையில் எதிர்பாராமல் மூக்கில் ஏறினால் நான் கடையை விட்டு வெளியே வந்துவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. தூத்துக்குடியில், ஒரே வாசலுக்குள் நாலைந்து குடித்தனங்கள் இருந்த ஒரு வளவில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை. அம்மா ஆழ்வார்திருநகரியில் பிறந்து, கோயில் நாகசுரத்தைக் கேட்டு வளர்ந்தவர். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பு நின்றுபோனது. ஆனால் பழைய காவியங்களிலிருந்து அந்த வாரத் தொடர்கதை வரை அவர் வாசிக்காதது குறைவு. தொடர்கதைகளை வாரந்தோறும் கவனமாகக் கிழித்தெடுத்து, கோணூசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு வைப்பார். நல்ல நாவலை அவர் கச்சேரியோடுதான் ஒப்பிடுவார். எடுப்பு சரியில்லை என்பார், நடுவில் இழுத்துவிட்டான் என்பார், முடிவில் அவசரப்பட்டால், "தனி ஆவர்த்தனத்துக்கு எந்திரிச்சுப் போனவன் திரும்பி வாரதுக்குள்ள மங்களம் பாடிட்டான்" என்று கோபித்துக்கொள்வார்.

மார்கழியில் வீட்டின் ஒழுங்கே மாறிவிடும். பகல் சாப்பாடு முடிந்து பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்ததும் அம்மா வானொலிப் பெட்டியைத் திருகுவார். சென்னைக் கச்சேரிகள் கரகரப்புக்கு நடுவே எங்கள் கூடத்துக்கு வந்து சேரும். இதழ் வந்த வெள்ளிக்கிழமைகளில் மட்டும் முதலில் தொடர்கதை, பிறகு கச்சேரி. அம்மா உரக்க வாசிக்க, பக்கத்துக் குடித்தனத்துப் பிலோமி அக்கா சுவரில் சாய்ந்து காலை நீட்டிக் கேட்பார்.

பிலோமி அக்காவுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்போது மாசமாக இருந்தார். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும் என்றாலும், அம்மாவின் குரலில் கேட்பதுதான் கதை என்று நினைத்தார். அவருடைய கணவர் சேவியர் அண்ணன் மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போகும் தோணியில் வேலை பார்த்தார். ஊர் திரும்பும்போதெல்லாம் கருங்கட்டையாக இறுகிப்போன மாசிக் கருவாட்டைக் கொண்டுவந்து, மரக்கறி வீடான எங்கள் வாசலில் நின்று அம்மாவைச் சீண்டுவார்.

"அக்கா, இது மீனில்ல, மரக்கட்டை. வேணும்னா அடுப்புல வச்சு எரிச்சுப் பாருங்க."

"ஏலே, உன் கட்டையும் நீயும் அங்கனயே நில்லுங்க. படி ஏறுனா தெரியும் சேதி."

அவர் சிரித்துக்கொண்டே வாசலில் குந்தி, அங்குள்ள தீவுகளைப் பற்றிச் சொல்லுவார். எண்ண முடியாத தீவுகள், தென்னையைத் தவிர வேறொன்றும் நிற்காத தீவுகள், நம் பேச்சு புரியாவிட்டாலும் இளநீர் வெட்டிக் கொடுக்கும் மனிதர்கள். அம்மா உள்ளே அரிசி களைந்தபடி ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்த ஆண்டுத் தொடர்கதை கொற்கையில் நடந்தது. வழுதி என்ற இளம் முத்து வணிகன், அவன் கப்பலுக்காகக் காத்திருக்கும் மனைவி. முதல் அத்தியாயத்தைக் கேட்டதுமே பிலோமி அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"கொற்கையில எங்கக்கா கடல் இருக்கு? எங்க மாமா பொண்ணு அங்கனதான் வாக்கப்பட்டிருக்கா. சுத்தி வாழைதான நிக்கு."

"அந்தக் காலத்துல இருந்துச்சுளா. அப்புறம் பின்வாங்கிப் போயிட்டு."

"கடலே வீட்டை விட்டுப் போயிருக்கு, பாத்துக்கிடுங்க. எங்க வீட்டுக்காரரை மட்டும் எதுக்கு ஏசுதேன்?"

கார்த்திகைக் கடைசியில் புயல் வந்தது. வளவின் முற்றத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. கடலில் இருந்த தோணிகளில் சில எங்கெங்கோ ஒதுங்கியிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பின. சேவியர் அண்ணன் போன தோணி மட்டும் திரும்பவில்லை. பலகையோ பாய்த்துணியோ ஒன்றும் கரை ஒதுங்கவில்லை. அப்பா தினமும் துறைமுகத்தில் விசாரித்துவிட்டு வந்து, சைக்கிளை நிறுத்தும்போதே தலையை அசைத்துவிடுவார், பிலோமி அக்கா கேட்கவேண்டிய அவசியம் இல்லாமல்.

அந்த வாரத்து இதழில் வழுதியின் கப்பலும் புயலில் உடைந்தது. எழுதியவர் சில மாதங்களுக்கு முன்பே எழுதிக் கொடுத்திருக்கக்கூடும். ஆனால் அம்மா "தொடரும்" என்று வாசித்து நிறுத்தியபோது பிலோமி அக்கா எழுந்து உட்கார்ந்த விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தெருவில் தன் பெயரை யாரோ சொல்லிக் கூப்பிட்டதைப் போலிருந்தது அவர் முகம்.

"அக்கா, இவன் வந்தா அவரும் வருவாரு."

"ஏளா, கிறுக்கி. இது கதை."

"மாதாகிட்ட நேர்ச்சை வச்சு அழுதேன், அவ வாயத் திறக்க மாட்டேங்கா. இது வாரா வாரம் பதில் சொல்லுதே!"

அன்றிலிருந்து அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சாப்பிடுகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னார். பங்குச் சாமியார் வந்து திட்டினார், மாமியார் அழுதார். வயிற்றுப்பிள்ளையின் பேரைச் சொல்லி அம்மா கெஞ்சினார். ஒரு வாய்க் கஞ்சி இறங்கினாலும் பிலோமி அக்கா அதை வாந்தியெடுத்தார். மருத்துவச்சி அம்மாவைத் தனியே கூப்பிட்டு, இப்படியே போனால் ஒன்றல்ல, இரண்டு உயிர் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை வந்த இதழை அம்மா அடுப்பருகில் வைக்கவில்லை. ஈரத்தோடு பிரித்து நின்றபடியே வாசித்தார். வாசித்து முடித்து மறுபடி முதல் வரிக்குப் போனார். நான் எட்டிப் பார்த்தேன். பக்கம் முழுவதும் படம்: கரையில் ஓர் உடல், அதன் விரல் மோதிரத்தைப் பற்றிக்கொண்டு கவிழ்ந்து கிடக்கும் பெண். அதற்குமேல் வாசிக்க வேண்டியிருக்கவில்லை.

அதற்குள் பிலோமி அக்கா வந்து தன் வழக்கமான இடத்தில் சாய்ந்துவிட்டார். கண்கள் மட்டும்தான் முகத்தில் மிச்சமிருந்தன. அம்மா இதழைப் படம் தெரியாதபடி மடித்துப் பிடித்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். உடைந்த பாய்மரத்தைத் தழுவிக்கொண்டு வழுதி இரண்டு இரவுகள் மிதந்தான். மூன்றாம் நாள் விடியலில் தென்னைகள் மட்டுமே நிற்கும் சிறு தீவொன்றின் மணல் அவன் முழங்காலில் தட்டியது. அவன் மொழி அறியாத மனிதர்கள் அவன் உதட்டில் இளநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். குரல் எங்கும் இடறவில்லை. அந்த எழுத்தாளரின் நீண்ட வாக்கியங்கள், கடலைச் சொல்லும்போது அவர் வழக்கமாகச் சேர்க்கும் அடைமொழிகள், அத்தியாயத்தைப் பாதி மூச்சில் நிறுத்தும் வித்தை, எல்லாம் அதில் இருந்தன. நான் அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று, அச்சிட்ட வரிகளில் அந்த மனிதனைச் சிதைக்கு எடுத்துச் செல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் பிலோமி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கு ரசமா அக்கா? கொஞ்சம் ஊத்திப் பிசைஞ்சு குடுங்க" என்றார்.

அம்மா ஊட்டிவிட்டார். பிறகு பின்கட்டுக்குப் போய், வெந்நீர் அடுப்பில் அந்த இதழைச் செருகினார். நான் பார்ப்பதைக் கண்டும் அது எரிந்து முடியும்வரை அங்கேயே நின்றார்.

மார்கழி முழுவதும் இப்படியே நடந்தது. அச்சில் வழுதியின் மனைவி துறவு பூண்டாள். எங்கள் கூடத்தில் அவன் தீவுக்காரர்களோடு கயிறு திரித்து, மரம் செதுக்கி, ஊர் திரும்பப் படகு கட்டினான். அம்மாவுக்கு அந்த மாதம் தூக்கமே இல்லை. வானொலியில் ஆலாபனை வரும்போது இரண்டு கைகளையும் மடியில் கட்டிக்கொண்டு, பரீட்சைக்குப் படிப்பவர் போலக் கேட்பார். ராகத்தின் எல்லையைத் தாண்டாமல், முன்பு யாரும் பாடாத வழியில் பாடகர் எப்படி நடக்கிறார், எங்கே நின்று மூச்சு வாங்குகிறார், கேட்பவர் நம்பும்படி எப்படித் திரும்பி வருகிறார் என்பதுதான் அப்போது அவருக்கு வேண்டியிருந்தது. இசையை அவர் ரசித்ததை நான் பார்த்திருக்கிறேன்; அந்த மாதம் பார்த்தது ரசனை அல்ல. ஒரு நாள் சகானா ஆலாபனை முடிந்தபோது அவர் நெற்றி வேர்த்திருந்தது.

"இது எங்க போய் நிக்கும்?" என்று அப்பா கேட்டார்.

"பிள்ளை பொறக்கட்டும். பொறவு மெள்ளச் சொல்லிக்கிடலாம்."

"அதுக்குள்ள கதை முடிஞ்சிட்டா?"

அம்மா வானொலிப் பெட்டியைத் திருகினார்.

கச்சேரியின் கடைசியில் வரும் பாட்டு எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று பிலோமி அக்கா ஒரு நாள் கேட்டார். அதுதான் மங்களம், அது இல்லாமல் எந்தக் கச்சேரியையும் முடிக்க மாட்டார்கள் என்றார் அம்மா.

"நடுவுல எம்புட்டு அழுதாலுமா?"

"எம்புட்டு அழுதாலும்."

"அப்ப நம்ம கதைக்கும் இருக்கும்லா?"

அந்த ஆண்டு நாட்குறிப்பு என்னிடம் இருக்கிறது. ராகங்களின் பெயர்களும் மழையும் மட்டும் அதில் இருக்கின்றன. மற்றதை எழுத எனக்கு அப்போது பயமாக இருந்தது.

தை மாதத்தில் பிலோமி அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை கதையும் முடிந்திருந்தது. அம்மா அதை முடிக்காமல் விட்டிருக்கலாம், இதழ் நின்றுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நிறைமாதத்தில் எதிரே உட்கார்ந்திருந்த பிலோமி அக்காவிடம் அவரால் வேறெதையும் வாசிக்க முடியவில்லை. கொற்கைத் துறையில் ஒரு பாய் தெரிந்தது. அது வழுதியின் பாய். பிலோமி அக்கா அம்மாவின் இரண்டு கைகளையும் எடுத்து முத்தமிட்டார்.

தோணியில் போன மற்றவர்களின் குடும்பத்தார் நம்பிக்கையை விட்டுக் கோயிலில் இறந்தோருக்கான பூசை வைத்தார்கள். பிலோமி அக்கா தன் கணவனின் பெயரைச் சேர்க்க விடவில்லை. குழந்தைக்கு ஞானஸ்நானம்கூடக் கணவர் வந்த பிறகுதான் என்று பிடிவாதம் பிடித்தார். அப்போதுதான் அம்மா துணிந்து, அவரை உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொன்னார். இதழில் வழுதி செத்துப்போனான், நான்தான் மாற்றி வாசித்தேன் என்றார். குழந்தையைத் தோளில் தட்டியபடி கேட்டுக்கொண்டிருந்த பிலோமி அக்கா, கடைசியில் அம்மாவைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"எல்லாரும் சேந்து உங்களையும் பேச வச்சிட்டாங்களா அக்கா?"

அம்மா சத்தியம் செய்தார். இதழ்களைக் காட்டச் சொன்னார் பிலோமி அக்கா. காட்ட ஒன்றும் இல்லை. எல்லாம் வெந்நீர் அடுப்பில் சாம்பலாகியிருந்தது. பெட்டிக்கடையிலும் பழைய பிரதிகள் மிஞ்சவில்லை; எங்களைத் தவிர வளவில் வேறு யாரும் அந்த இதழை வாங்கவுமில்லை. மேலும் அந்தத் தீவு, தென்னை, இளநீர், எல்லாம் சேவியர் அண்ணன் தன் வாயால் சொன்னவை. அம்மா அவற்றை அவரிடமிருந்தே எடுத்துக் கோத்திருந்தார். அதனால்தான் பிலோமி அக்காவுக்கு அது கதையாக அல்ல, தகவலாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

அதன்பின் அம்மா நாவல் எதையும் கையால் தொடவில்லை. மார்கழியில் கச்சேரி மட்டும் கேட்பார். மங்களம் தொடங்கும்போது எழுந்து பெட்டியை அணைத்துவிடுவார்.

அம்மா போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. வளவு இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. தொடர்கதைக்காக வெள்ளிக்கிழமையை எதிர்பார்ப்பவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. கச்சேரிகள் வேண்டிய நேரத்தில் கைப்பேசியில் கிடைக்கின்றன. நான் அதே ஊரில், மில்லர்புரத்தில் இருக்கிறேன். பிலோமி அக்கா தன் மகள் கிறிஸ்டியோடு கடற்கரைப் பக்கம் இருக்கிறார். இன்றுவரை அவர் விதவையாக நடந்துகொண்டதில்லை. கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுவத்தியோடு போகும்போது வீட்டிலேயே இருப்பார், மகளையும் போக விட்டதில்லை.

சென்ற ஐப்பசியில் கிறிஸ்டி என்னைத் தேடி வந்தாள். "அப்பா பேருல ஒரு பூசை வைக்கணும்க்கா. அம்மா இருக்கும்போதே வைக்கணும். நீங்க சொன்னா கேப்பாங்க" என்றாள். அந்த நாவல் பிறகு புத்தகமாக வந்திருந்தது. பல நூலகங்களில் தேடி ஒரு பிரதியைக் கண்டுபிடித்தேன். கல்லறைத் திருநாளன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போய், பிலோமி அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து, உடல் கரை ஒதுங்கும் அத்தியாயத்தை அச்சில் இருந்தபடியே வாசித்தேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இது யாரு எழுதுனது?"

சொன்னேன்.

"அந்த மனுசன் கடலைப் பாத்திருக்க மாட்டாரு. செத்தவன் மோதிரம் அப்படியே விரல்ல நிக்குமா? மீனு விட்டு வைக்குமா? உங்கம்மா வாசிச்சதுதான் கதை."

பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதைச் சொல்லத் தொடங்கினார். உடைந்த பாய்மரம், மூன்றாம் நாள் விடியல், முழங்காலில் தட்டும் மணல். ஒரு வாக்கியம் பிசகவில்லை. அம்மா மூச்சு வாங்கிய இடங்களில் அவரும் மூச்சு வாங்கினார். என் மடியில் விரிந்து கிடந்த அச்சுப் புத்தகத்தைவிட அது நன்றாக இருந்தது. வாழ்நாள் முழுதும் நாவல்கள் வாசித்து வருகிறேன், ஓரளவு தரம் பிரிக்கத் தெரியும் என்று நினைக்கிறேன். மிகவும் நன்றாக இருந்தது. அம்மா கொஞ்சம் மோசமாகக் கற்பனை செய்திருந்தால் இந்தப் பெண் என்றோ அழுது தீர்த்து எழுந்திருப்பார்.

கிறிஸ்டி நிலைப்படியில் நின்று கடைசிவரை கேட்டாள். "நல்லாத்தான் இருக்குக்கா" என்றாள். "எங்கம்மா ஆயுசு முழுக்க அதுலயே போயிட்டு."

பிறகு அலமாரியிலிருந்து ஒரு மெழுகுவத்தியை எடுத்து, தாய்க்குத் தெரியாமல் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, கல்லறைத் தோட்டத்தில், கல்லறை இல்லாதவர்களுக்கு ஏற்றி வைக்கும் நடுச்சிலுவையடிக்குத் தனியாகப் போனாள்.