எல்லைக்கல்லைத் தாண்டிய கம்பி

கொல்லிமலைக் குண்டனி நாட்டு மாதனுக்குக் கேள்வி கேட்காமல் சோறு இறங்காது. 1963இல் நான் அந்த மலை ஏறியபோது என் பெட்டியைச் சுமந்து வந்தவர் அவர்தான். பெட்டிக்குள் நானே செய்த கைவயர்லெஸ் இருந்தது. அதன் ஜோடி அடிவாரத்துப் புளியஞ்சோலையில் நண்பர் குழந்தைசாமியிடம் இருந்தது. லைசென்ஸ் வாங்கி, ஆசைக்காக வயர்லெஸ் பேசுகிறவர்கள் நாங்கள். பேச்சு எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்கத்தான் அந்தப் பயணம்.

"ஏனுங்க, மழை பேஞ்சா பேச்சு நனைஞ்சு போயிருங்களா?"

"மாதண்ணா, கொஞ்சம் சும்மா வாங்க!"

சும்மா வருவாரா? கையில் கொடுத்தால் எதிர்க்கரட்டு ஆளைக் கூப்பிடுவதுபோல் கத்துவார். கத்தினால் குரல் உடையுமே தவிர தூரம் கூடாது. நூறு தடவை சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் கத்துவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஊர் எல்லைக்கல்லுக்கு அப்பால் ஒரு பாறை உண்டு. அங்கே நின்றால் குழந்தைசாமி பளிச்சென்று கேட்டார். கல்லுக்கு இந்தப் பக்கம் வந்தாலோ நடுவிலிருக்கும் கரட்டுக் குன்று மறைத்துவிடும், வெறும் இரைச்சல்தான்.

அந்த வாரம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். கட்டிக்கொண்டவர்கள் நோம்பி முடியும்வரை எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. மாதன் கையிலும் மஞ்சள் கயிறு ஏறியது. மறுநாளே அவர் மகள் இருசாயிக்குத் தலைப்பிரசவ வலி எடுத்தது. பிள்ளைக்குக் கால் முன்னே வருகிறது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். டோலி கட்டி, புளியஞ்சோலை நர்ஸ் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கூடவே ஓடிவந்த மாதன் எல்லைக்கல்லில் நின்றுவிட்டார்.

நான் பாறைக்குப் போய் விஷயத்தைச் சொல்லி, குழந்தைசாமியை நர்ஸ் வீட்டு வாசலுக்கு அனுப்பினேன். "சேதி வந்ததும் ஓடிவந்து சொல்றேன்" என்றேன் மாதனிடம்.

"நீங்க சொன்னா மனசு ஆறாதுங்க. எம்புள்ள குரலை நானே கேக்கோணும்."

ஏரியலில் நீளக் கம்பியை முடிந்து உயரத் தூக்கிக் கட்டினால் கல்லுக்கு இந்தப் பக்கமே எட்டும் என்று தோன்றியது. ஆனால் உயரமான மரமென்று இருந்தது ஒரே ஒரு நாவல்மரம். அதுவும் கல்லுக்கு அந்தப் பக்கம். மாதன் பூசாரி பொன்னனிடம் போய் நின்றார்.

"ஏனுங்க பூசாரி, கம்பி எல்லையைத் தாண்டலாங்களா?"

பூசாரி கம்பியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "காப்பு உங்கையிலதானப்பா கட்டியிருக்குது. கம்பிக்கா கட்டினோம்?"

வேட்டியைக் கிழித்துக்கொண்டு மரம் ஏறியது நான்தான். கம்பியைக் கிளையில் கட்டி, மறுநுனியைக் கல்லுக்கு இப்பால் கொண்டுவந்து செட்டில் முடிந்தேன். எர்த்துக்காக இன்னொரு கம்பியைச் செட்டிலிருந்து தரையோடு ஓடவிட்டேன். இரைச்சல் மெல்ல அடங்கியது. வெயில் ஏறியும் மாதன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அன்று அவர் ஒரு கேள்வியும் கேட்காதது எனக்கே பயமாக இருந்தது.

உச்சிவேளையில் குழந்தைசாமியின் குரல் வந்தது. "பேத்தி பொறந்திருக்குதுங்க! ரெண்டு உசுரும் நல்லாருக்குது. இருங்க, செட்டை உள்ள இருசாயிகிட்டக் குடுத்தனுப்பறேன்."

நான் பொத்தானை அமுக்கிக் கொடுத்தேன். மாதன் மலையே அதிரக் கத்தினார். "இருசாயீ!"

இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. பொத்தானை விட்டதும் களைத்த குரல் ஒன்று வந்தது. "ஏனுங்கப்பா இப்படிக் கத்தறீங்க? பக்கத்துல இருக்கறாப்பல கேக்குதுங்க."

மாதன் கல்லை ஒட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டார். செட்டை வாயருகே கொண்டுபோய், எனக்கே கேட்காத அளவுக்கு மெதுவாகக் கேட்டார்.

"ரொம்ப வலிச்சுதா கண்ணு?"