நிக்காஹ் பத்திரிகைக்கு ஒரு டிக்

போன வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு என் மானம் கப்பலேறப் பார்த்தது.

கோவில்பத்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஜமீலா, கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்பவள். ‘அந்தத் திருட்டு காப்பி சாஃப்ட்வேரைத் தூக்கிப் போடு, இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸுக்கு மாறு’ என்று மாதக்கணக்கில் அவளை நச்சரித்தது யார்? சாட்சாத் நான்தான். மாறினாள். முதல் ஆர்டரே நிக்காஹ் பத்திரிகை! மறுநாள் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பெண் வீட்டார் கொடுக்கத் தொடங்க வேண்டும்.

“அக்கா, மணமக்களை வாழ்த்துற இந்த அரபி துஆ வரியைப் பாருங்க. கடைசியில நிக்க வேண்டிய புள்ளி முன்னாடி வந்து நிக்குது. பிராக்கெட்டெல்லாம் எடம் மாறிக் கெடக்கு. இதை எப்படி அவங்க கையில கொடுக்கறது?”

கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் குமார் வந்தார். பார்த்தார். சிரித்தார்.

“ஓசியில வந்தா இப்படித்தாங்க. பழசையே ஏத்தித் தர்றேன். பத்து நிமிஷ வேலை.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்க ஜமீலா. முடியலைன்னா நானே அவரைக் கூப்பிடுறேன்” என்றேன்.

மேனுவலைத் திறந்தேன். நூற்றுக்கணக்கில் பக்கங்கள்... எதைத் தேடுவது? சரி, அந்த சாஃப்ட்வேரைப் பயன்படுத்துபவர்கள் இணையத்தில் கேள்வி பதில் எழுதும் ஃபோரத்தில் கேட்போம் என்று உட்கார்ந்தேன். கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதியே பழகிய கை அல்லவா? ‘மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்’ என்று இங்கிலீஷில் ஆரம்பித்து, ஜமீலா யார், கல்யாணம் யாருக்கு என்று பதினைந்து வரி எழுதி, கேள்வியைக் கடைசி வரியில் வைத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. ‘எந்த வர்ஷன்? ஸ்க்ரீன்ஷாட் எங்கே?’ அவ்வளவுதான். ஒரு வணக்கம்கூடக் கிடையாது!

“என்ன மரியாதை இது?” என்று குதித்தேன்.

“அக்கா, கேட்டதுக்கு மொதல்ல பதில் போடுங்க. கோவத்தை அப்புறம் பட்டுக்கலாம்” என்றாள் ஜமீலா.

போட்டேன். அந்த முகம் தெரியாத மனிதர் உடனே வழி சொன்னார் — செட்டிங்ஸில் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட்’ என்ற கட்டத்தில் ஒரு டிக். வலமிருந்து இடம் எழுதும் பட்டன் எட்டிப் பார்த்தது. அதை அழுத்தியதும் துஆ வரி ஒழுங்காக நின்றது. நாலு மணிக்கு ஃபைல் பிரஸ்ஸுக்குப் போய்விட்டது. ஜமீலா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

பிறகு பார்த்தால், மேனுவலிலும் அது இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அரபியை யார் ‘காம்ப்ளெக்ஸ்’ என்று போய்த் தேடுவார்கள்? அதே தலைப்பின் கீழ் தமிழும் இருந்தது! எல்.கே.ஜி. பிள்ளை எழுதுகிற மொழி யாருக்குச் சிக்கல்? எனக்கில்லை. அந்த மேனுவலை எழுதியவர்களுக்கு. அவர்கள் ஊரில் உட்கார்ந்து அவர்களுக்குத் தெரிந்த வார்த்தையில் எழுதினார்கள். அதில் தப்பில்லை. நம் வார்த்தையில் நாம் எழுதாமல் இருக்கிறோமே, அதுதான் தப்பு.

சனிக்கிழமை ஜமீலா எழுதிவிட்டாள். ‘அரபியும் தமிழும் ஒரே வரியில் வர என்ன செய்வது?’ — படங்களோடு, படிப்படியாக, சுத்தத் தமிழில், அதே ஃபோரத்தில். ஃபோரத்தைப் பார்த்துக்கொள்பவரிடமிருந்து ஒரு மணி நேரத்தில் குறிப்பு வந்தது. ‘தயவுசெய்து இங்கிலீஷில் எழுதவும்.’

நான் மன்னிப்புக் கேட்டு டைப் அடிக்கத் தொடங்கினேன். ஜமீலா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அடித்தாள்:

“இது தேவைப்படுறவங்க தமிழ்லதான் தேடுவாங்க. இங்கிலீஷ்ல வேணும்னா, நீங்க மொழிபெயர்த்துக்கங்க.”